மூன்றாம் மாடி, இடப்பக்கம்

“வரிசைன்னா எல்லாருக்கும்தான் வரிசை! உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணா?”

கெசீனா போட்ட சத்தத்தில் மாடிப்படியில் நின்றிருந்த அத்தனை பேரும் ஒரு படி பின்வாங்கினார்கள். சுவரோரமாக நழுவி மேலே போகப் பார்த்த கம்பளித் தொப்பிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

“இல்லைங்க... நான் உள்ள போகணும்,” என்றார்.

“நாங்கல்லாம் என்ன, படிக்கட்டோட அழகைப் பார்க்கவா வந்திருக்கோம்? எங்களுக்கும் உள்ளதான் போகணும். பின்னாடி போங்க.”

“அது வந்து... நான் யாருன்னா...”

“இப்பத்தான் ஒருத்தர் வீட்டுக்காரரோட மச்சான்னு சொல்லிட்டு ஏறப் பார்த்தார். அதுக்கு முன்னாடி ஒரு அம்மா, பாத்ரூமை மட்டும் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்னாங்க. நீங்க யாரு, மேயரோட மாப்பிள்ளையா?”

படிக்கட்டே சிரித்தது. தொப்பிக்காரர் வாயைத் திறந்தார். தன்னையே முறைத்துக்கொண்டிருந்த முகங்களை மேலும் கீழும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த காலித் துணிப்பையை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, சாதுவாக இறங்கி வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கெசீனா நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. ஆனால் வீடு பார்க்கப் போகிற இடங்களில் மட்டும் அந்தத் தொண்டை இதுநாள்வரை பூனைக்குட்டியாகிவிடும். ‘சிகரெட் பிடிக்க மாட்டேன், எந்த வாத்தியமும் வாசிக்க மாட்டேன், விருந்தாளிகள் வர மாட்டார்கள், சத்தமாகத் தும்மக்கூட மாட்டேன்’ என்று ஏஜென்டுகளிடம் ஒப்பிப்பாள். சம்பளச் சீட்டையும் சிரித்த முகத்தோடு எடுத்த போட்டோவையும் இரண்டு கையாலும் நீட்டுவாள். அதன்பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராது.

வீடு அவளுக்கு அவசரம். ராய்னரை விவாகரத்து செய்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் பெர்லினில் விவாகரத்து கிடைக்கிற வேகத்தில் வீடு கிடைப்பதில்லை. அதனால் இருவரும் இன்னும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அவன் பெரிய அறையில், அவள் சின்ன அறையில். 

ஏஜென்டுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு பிளம் கேக் செய்திருந்தாள். இன்று காலை அதை அடுப்பிலிருந்து எடுக்கும்போதே மனசு மாறிவிட்டது. இனி எவனிடமும் குழையப்போவதில்லை. கிடைத்தால் நிமிர்ந்து நின்று கிடைக்கட்டும், இல்லாவிட்டால் கேக்கையாவது தானே தின்றுவிடலாம்.

விளம்பரத்தில் தெரு, கதவு எண், ‘மூன்றாம் மாடி, இடப்பக்கம்’ என்று மட்டும் இருந்தது. மூன்றாம் மாடியில் இடப்பக்கக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. முதலில் வந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஏஜென்டை மட்டும் காணோம்.

கெசீனா வாசலை அடைந்தபோது உள்ளே சந்தைக்கடையாக இருந்தது. ஒருவர் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். ஓர் இளம் ஜோடி அலமாரிக்குள் நின்று, குழந்தைத் தொட்டில் அதற்குள் பிடிக்குமா என்று அளந்துகொண்டிருந்தது. யாரோ குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, “சீஸ் கெட்டுப்போச்சு!” என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இதை இப்படியே விட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கெசீனா கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினாள்.

“அஞ்சு அஞ்சு பேரா வாங்க! சமையலறை, பாத்ரூம், படுக்கையறை, அப்புறம் வெளியே! ஓடாதீங்க, வழுக்கும்!”

வழுக்க அங்கே ஒன்றுமில்லை, குளத்துப் பழக்கம். ஆனால் எல்லாரும் ஓடாமல் நடந்தார்கள்.

வந்தது வினை. முறையாக நடக்க ஆரம்பித்ததும், முறைப்படுத்தியவள்தான் ஏஜென்ட் என்று முடிவாகிவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் காகிதக் கட்டை அவள் கையில் திணிக்கத் தொடங்கினார்கள்.

“மேடம், நிலவறை உண்டா?”

“மேடம், நாய் சின்னதுதான். குரைக்கவே குரைக்காது. ஊமை மாதிரி.”

“நான் ஏஜென்ட் இல்லைங்க. நானும் உங்கள மாதிரிதான்.”

“புரியுது மேடம், புரியுது,” என்று சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் கண்ணடித்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “விளம்பரத்துல போட்ட வாடகைக்கு மேல நான் தரேன். எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க. இவங்க யாருக்கும் தெரிய வேண்டாம்.”

தெரியாமல் இருக்குமா? கெசீனாவின் தோளுக்குப் பின்னால் யெல்டா நின்றிருந்தாள். துருதுருவென்ற கண்ணும் முதுகில் பெரிய பையுமாக இருந்த இளம்பெண்.

“என்னது? மேல தரேங்கறாரா? அக்கா, அப்ப நானும் தரேன்!”

“நான் ஆறு மாச வாடகை முன்பணமா தரேன்!” என்று அலமாரிக்குள்ளிருந்து தொட்டில்காரன் கத்தினான்.

ஏலம் ஆரம்பித்துவிட்டது. கையில் குவிந்த காகிதங்களுக்கடியில் கெசீனா விசிலைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் வேறொரு கலாட்டா கேட்டது.

“விடுங்க, நான்தான் ஏஜென்ட்!”

“போன ஆளும் அப்படித்தான் சொன்னான். போய்யா பின்னாடி!”

மூச்சு வாங்க, டை ஒருபக்கம் திரும்பி, ஓர் இளைஞன் நின்றிருந்தான். பெயர் டோர்பென். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாவிக்கொத்தைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக, யாரும் கவனிக்காதபோது, கம்பளித் தொப்பிக்காரரும் உள்ளே வந்துவிட்டார்.

டோர்பென் அறையைச் சுற்றிப் பார்த்து விழித்தான். “வீடு காலியா இருக்கும்னுல்ல சொன்னாங்க? இவ்வளவு சாமான் இருக்கு?”

“பழைய ஆளு இன்னும் காலி பண்ணல போல,” என்றாள் கெசீனா. “சரி தம்பி, தாமதமா வந்ததுக்கு ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.”

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தான். “வாடகையைப் போல மூணு மடங்கு சம்பளம் இல்லாதவங்க இப்பவே கிளம்பலாம். குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கறவங்க கையைத் தூக்குங்க. பியானோ, டிரம்ஸ் வாசிக்கறவங்க தனியா நில்லுங்க. அடிக்கடி மீன் வறுக்கறவங்க இருக்கீங்களா?”

வழக்கமாக இந்த இடத்தில்தான் கெசீனா புன்னகையை ஒட்டவைத்துக்கொள்வாள். இன்று முகம் ஒத்துழைக்கவில்லை.

“தம்பி, நீங்க கேக்கறது இருக்கட்டும். நாங்க கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. குழாய் ஏன் ஒழுகுது?”

“எந்தக் குழாய்?”

“சமையலறைக் குழாய். சொட்டு சொட்டுன்னு உயிரை வாங்குது.”

“அதைக் கொஞ்சம் இறுக்கி, இடதுபக்கமா ஒரு தட்டு தட்டினா நின்னுடும்,” என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. தொப்பிக்காரர்.

கெசீனா திரும்பினாள். “நீங்க யாரு பக்கம் சார்? ஏஜென்டுக்கு ஏன் பரிஞ்சு பேசறீங்க?”

“இல்லைங்க, நான் சும்மா...”

“சும்மா இருங்க.”

அவர் சும்மா இருந்தார்.

சாம்பல் கோட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டோர்பெனிடம் போனார். “இந்த அம்மா கிடக்கட்டும். விளம்பரத்துல போட்ட வாடகைக்கு மேலயே நான் தரேன். இப்பவே முடிச்சுக்கலாமா?”

டோர்பெனின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் கெசீனாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறினாள். விசில் ஒரு நீள ஊது.

“எல்லாரும் கேளுங்க! இவர் ஏத்துவார். அவர் இன்னும் கொஞ்சம் ஏத்துவார். கடைசியில இந்தப் பொந்தை எவனோ ஒருத்தன் அரண்மனை விலைக்கு எடுப்பான். மத்தவங்கல்லாம் அடுத்த வாரம் வேற படிக்கட்டுல நிப்போம். அடுத்த வருஷமும் நிப்போம்! எனக்கு அலுத்துப்போச்சு. உங்களுக்கு?”

“எங்களுக்கும்!” என்றது கூட்டம்.

“அப்ப இன்னிக்கு ஒரு பைசா ஏத்தக் கூடாது. யாரும். ஏத்தறவங்க இப்பவே வெளியே போகலாம். மத்தவங்க உக்காருங்க. நியாயமா ஒரு முடிவு தெரியாம எழுந்திரிக்கறதில்ல!”

முதலில் உட்கார்ந்தது யெல்டா. பிறகு ஊமை நாய்க்காரர். பிறகு அலமாரி ஜோடி. கடைசியில் அறை முழுக்க, நடை முழுக்க, குளியல் தொட்டி விளிம்பு வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பல் கோட்டுக்காரர் மட்டும் நின்றார். எல்லாரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கோட்டை ஒழுங்காக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

“எனக்கு அடுத்த இடத்துக்குப் போகணுங்க!” என்று டோர்பென் கெஞ்சினான்.

“போங்களேன். வழியிருந்தா போங்க.”

வழியில்லை. வாசல்வரை கால்களாக நீட்டிக் கிடந்தன.

“உக்காந்ததுதான் உக்காந்தோம்,” என்று கெசீனா பையிலிருந்த கேக் டப்பாவைத் திறந்தாள். “ஆளுக்குக் கொஞ்சம் வரும். தட்டு இருக்கா எங்கயாவது?”

தொப்பிக்காரர் எழுந்து போய், அடுப்புக்கு மேலிருந்த இரண்டாவது கதவைத் திறந்து, தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குப் பெரிய துண்டாகவே வைத்தாள். என்ன இருந்தாலும் படிக்கட்டில் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டோம் என்று பட்டது.

கேக் உள்ளே போனதும் கூட்டத்துக்குத் தெம்பு வந்தது. ஆளாளுக்கு வீட்டை ஆராய்ந்து குற்றப்பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார்கள். கெசீனா சமையலறைக் கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து ஜன்னலோரம் தரையில் வைத்தாள். அது தானாக உருண்டு, அறையைக் கடந்து, தொப்பிக்காரரின் காலில் போய் முட்டியது. அவர் அதை எடுத்துத் துடைத்துக் கூடையில் திரும்ப வைத்தார்.

“பாத்தீங்களா, தரை சாயுது! இந்த வீட்ல சூப் குடிச்சா பாதி மடியில!”

“ஜன்னல் மூட மாட்டேங்குது!” என்றான் தொட்டில்காரன்.

“கழிப்பறைச் சங்கிலியை இழுத்தா ரயில் வர்ற மாதிரி சத்தம்! இந்த லட்சணத்துக்கு வாடகையைக் குறைச்சே ஆகணும்!” என்றாள் யெல்டா.

“இந்தச் சுவர்த்தாளைப் பாருங்க,” என்றாள் கெசீனா. “மாடு தின்னுட்டு வேண்டாம்னு துப்பின மாதிரி ஒரு நிறம். இதை ரசிச்சு ஒட்டின மகராசன் யாரோ, அவன் கண்ணை முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்.”

தொப்பிக்காரர் மெல்லுவதைச் சிறிது நேரம் நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

டோர்பென் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முதலாளிக்குப் போன் போட்டான். “சார், ஒரே ரகளை சார். உக்காந்துட்டாங்க... வாடகையைக் குறைக்கணுமாம்... இல்ல சார், அவங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. தரை சாயுது சார். உருளைக்கிழங்கு உருளுது.”

“அந்த வீட்லயா?” என்று போனுக்குள்ளிருந்து ஒரு குரல் ஆச்சரியப்பட்டது.

“நேர்ல பார்த்துட்டுத்தான் சார் சொல்றேன்! குழாய் ஒழுகுது. ஜன்னல் மூடல. சுவரு... சுவரைப் பத்தி போன்ல சொல்ல முடியாது சார்.”

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், கதவு சாத்தும் சத்தம் கேட்டது, கடைசியில் எரிச்சலாக ஒரு பதில் வந்தது. டோர்பென் திரும்பினான். “அஞ்சுல ஒரு பங்கு குறைச்சுக்கலாமாம். ஆனா இப்பவே ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தலை சுத்துது.”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஓய்ந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு ஒன்று, ஆள் இத்தனை பேர்.

“இதுல சண்டை வேண்டாம்,” என்றாள் யெல்டா. “இப்ப யாரு இருக்கற இடம் ரொம்ப மோசமோ, அவங்களுக்கு. எல்லாரும் சொல்லுவோம். நான் என் தோழியோட பால்கனியில தூங்கறேன். கண்ணாடி போட்ட பால்கனிதான். ஆனா அவளோட தக்காளிச் செடிக்குத்தான் வெயில் படற பக்கம்.”

“நாங்க வேன்ல இருக்கோம்,” என்றது அலமாரி ஜோடி. “வேன் ஓடாது.”

சாம்பல் கோட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “நான் ஆபீஸ்ல தூங்கறேன். மேனேஜர் என்னை ரொம்ப உழைப்பாளின்னு நினைச்சுப் பதவி உயர்வு கொடுத்துட்டார்.”

அதற்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. அவரை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள்.

“தொப்பி வெச்ச சார், நீங்க?”

தொப்பிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு வீடு இருக்குங்க.”

“ஓஹோ! ஒரு வீடு இருக்கறப்பவே இன்னொரு வீடு கேக்குதா?” என்று கூட்டம் கூச்சலிட்டது. “உங்கள மாதிரி ஆளுங்களாலதான் ஊரே இப்படி ஆச்சு!”

“கேக்கை வேற மூணு துண்டு தின்னாரு!” என்று நாய்க்காரர் புகார் செய்தார்.

தொப்பிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் கெசீனாவின் முறை வந்தது. அவள் இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.  

“நான் என் பழைய புருஷனோட ஒரே வீட்ல இருக்கேன். சரி, பொறுத்துக்கிட்டேன். போன குளிர்காலத்துல அவனோட புதுத் தோழி மாரிட் வந்து சேர்ந்தா. அதையும் பொறுத்துக்கிட்டேன். இன்னிக்குக் காலையில வேலைக்குக் கிளம்பலாம்னு பாத்ரூம் கதவைத் தட்டறேன். ‘யாரும்மா அது? விருந்தாளியா?’ன்னு உள்ளேருந்து ஒரு குரல். மாரிட்டோட அம்மா. நேத்து வந்தாங்களாம். என் டவலைக் கட்டிக்கிட்டு வெளியே வந்து, என்னைப் பார்த்து, ‘நீ எப்பம்மா ஊருக்குத் திரும்பிப் போறே?’ன்னு கேட்டாங்க.”

வேன் ஜோடி முதலில் கைதட்டியது. அப்புறம் கூரை அதிர்ந்தது.

“அக்காவுக்குத்தான்!” என்று யெல்டா எழுந்து நின்று கத்தினாள். “நாமல்லாம் இடமில்லாம கஷ்டப்படறோம். இவங்க விருந்தாளி ஆயிட்டாங்க!”

டோர்பென் அக்ரிமென்டில் வாடகைத் தொகையை அடித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, கெசீனாவிடமும் வாங்கிக்கொண்டான். சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான். நீட்டிய கால்கள் மடங்கி வழிவிட்டன. அவன் படிகளில் இறங்கிய வேகத்தைப் பார்த்தால், இனி இந்தத் தெருப்பக்கமே வரமாட்டான் போலிருந்தது.

எல்லாரும் விடைபெற்றுக்கொண்டார்கள். யெல்டா கட்டிப்பிடித்தாள். சாம்பல் கோட்டுக்காரர் கைகுலுக்கி, “அடுத்த வாரம் வேற ஒரு இடத்துல வீடு பார்க்கப் போறேன். நீங்களும் விசிலோட வர முடியுமா?” என்று கேட்டார். வருவதாக வாக்குக் கொடுத்தாள். யெல்டாவும் வேன் ஜோடியும் தங்களுக்கும் அவள் வரவேண்டும் என்று அங்கேயே நாள் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியாகத் தொப்பிக்காரர் மட்டும் மிஞ்சினார். சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“விடுங்க சார், நான் பார்த்துக்கறேன். இனிமே இது என் பொறுப்பு,” என்று அவர் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். “வீட்டைப் பூட்டிட்டு, ராய்னர்கிட்ட போய் என் பெட்டியை எடுத்துட்டு வரணும். மாரிட்டோட அம்மாகிட்ட சொல்லணும், விருந்தாளி கிளம்பிட்டாங்கன்னு. வாங்க, வெளியே வாங்க.”

“இல்லைங்க, நான்...”

“திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீங்க சார். வாங்க.”

அவர் வெளியே வந்தார். கெசீனா கதவைச் சாத்தி, சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள். நுழையவில்லை. இன்னொரு சாவியைப் பார்த்தாள். அதுவும் நுழையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள், இழுத்தாள், சாவியை ஊதிப் பார்த்தாள். 

“பூட்டும் ஓட்டை! குறைச்சது போதாது, இன்னும் குறைக்கச் சொல்லியிருக்கணும்!”

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த முறை அவரைப் பின்னால் போகச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தன் கோட்டுப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, அவர் சொல்ல வந்ததை முதன்முறையாக முழுசாகச் சொல்லி முடித்தார்:

“உங்க சாவி இதே கதவு எண்ல, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பின்கட்டடத்தோட மூணாம் மாடிக்கும்மா; அங்க போன மாசம்தான் தரை, குழாய், ஜன்னல்னு எல்லாத்தையும் புதுசா மாத்தினாங்க, நீங்க இவ்வளவு நேரம் திட்டி வாடகையைக் குறைச்சது, காலி பாட்டில் போட நான் திறந்து வெச்சுட்டு இறங்கின என் வீட்டைக் காட்டி.”